ஐந்து மண்வெட்டிகள்

ஐந்து மண்வெட்டிகளையும் ஒரே நடையில் தோளில் தூக்கிக்கொண்டுதான் யக்ஞநாராயணன் கிளம்புவார். ஐம்பத்தாறு வயதுக்கு அது அதிகப்படியான பாரம். இரண்டு நடையாகக் கொண்டுபோனால் என்ன என்று யாராவது கேட்டால், "ரெண்டாவது நடைக்கு நான் ஆத்துக்கு வந்திருக்கற நேரம் பார்த்து யாராவது வந்து, மண்வெட்டி இல்லையேன்னு திரும்பிப் போயிட்டா?" என்பார். ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு, தெருக்கோடியில் இருக்கும் ஓடைக்கரைக்கு வருவார். கடைசி வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஐந்தையும் வரிசையாகச் சாய்த்து வைப்பார். வருகிறவன் கைக்கு வாகாக இருக்கவேண்டும் என்று பிடிகளைத் தெருப்பக்கம் திருப்பி வைப்பார். பிறகு தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடைச் சரிவில் இறங்குவார். மற்ற நான்கும் சுவரோடு சாய்ந்து அவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

வெயில் ஏறியதும் வேலையை நிறுத்திவிட்டு, ஐந்தையும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிணற்றடியில் வைத்துக் கழுவுவார். மண்ணே படாத நான்கையும் கழுவுவார். "பாவம், அதுகளும் வெய்யில்லதானே நின்னுது" என்பார்.

அன்னபூரணி நகர் தாம்பரத்துக்குக் கிழக்கே, மாடம்பாக்கம் போகிற வழியில் இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே முதல் வீடு கட்டியவர் யக்ஞநாராயணன்தான். ஒன்றரை வருஷம் அந்தப் பொட்டலில் அவர் வீட்டு விளக்கு ஒன்றுதான் எரிந்தது. பக்கத்து மனையில் யாராவது ஒரு லாரி செங்கல் இறக்கினால் போதும், பெண் பார்க்க வந்தவர்களை வரவேற்பது போல வாசலுக்கு ஓடுவார். அவர்களுடைய சிமெண்ட் மூட்டைகள் அவர் வராந்தாவில் இருந்தன. அவர்களுடைய சுவர்கள் அவர் கிணற்றுத் தண்ணீரில் நனைந்து இறுகின. வீடுகள் எழும்பின, கிரகப்பிரவேசச் சாப்பாடும் சாப்பிட்டாயிற்று. அப்புறம் எல்லோரும் காம்பவுண்டுச் சுவரை உயர்த்தினார்கள். மேலே கண்ணாடிச் சில்லுகளைப் பதித்தார்கள். தம் கிணற்றுத் தண்ணீரில் இறுகிய சுவருக்கு மேலே எட்டிப் பார்க்க முடியாமல் அவர் இந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. மனைவி அபிதகுஜாம்பாள் மகளின் பிரசவத்துக்கு நாகபுரி போனவர். ஆறு மாதம் என்று சொல்லித்தான் ரயில் ஏறினார். அந்தக் குழந்தை இப்போது தண்ணீர் பாட்டிலை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. 'நான் கிளம்பி வந்துட்டா இவனை யார் பாத்துப்பா?' என்று கடிதம் வரும். நியாயமான கேள்விதான். அதனால் அவருக்குக் கோபமும் இல்லை. ஒருவருக்கான சாதத்தை வடித்து, ஒருவருக்கான ரசத்தை வைத்து, செய்தித்தாளைக் கொஞ்சம் உரக்கப் படித்துக்கொண்டே சாப்பிடுவார்.

பாரிமுனைப் பக்கம் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. தாம்பரத்திலிருந்தே வண்டி புறப்படுவதால் மின்சார ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்துவிடும். உட்கார்ந்ததும் பக்கத்து இடத்தில் கைக்குட்டையை விரித்துப் போடுவார். "ஆள் வரா" என்பார். ஆள் யாரும் வரப்போவதில்லை. குரோம்பேட்டையிலோ பல்லாவரத்திலோ ஏறுகிறவர்களில் களைத்த முகமாகப் பார்த்து, கைக்குட்டையை எடுத்துவிட்டு, "உக்காருங்கோ சார்" என்பார். உட்கார்ந்தவர் நன்றி சொல்வார், சில சமயம் கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் பேசிக்கொண்டும் வருவார். பல சமயம் உட்கார்ந்த உடனே தூங்கிவிடுவார். அப்போது அவருடைய தலை சாய்வதற்காகத் தோளை அசைக்காமல் வைத்துக்கொள்வார் யக்ஞநாராயணன்.

இப்படிப்பட்ட மனிதர் கையில் அரசாங்கம் ஒரு மானியத் திட்டத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்?

ஓடை என்பது ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிந்தோடும் பள்ளம். இக்கரையில் காலனி. அக்கரையில் பழைய ஊர், அதைத் தாண்டினால் பஸ் நிற்கிற ரோடு. நடுவே இரண்டு பனைமரத் துண்டுகளைப் போட்டிருந்தார்கள். காலனிக்காரர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அதன்மேல் நடந்துதான் பஸ்ஸுக்குப் போனார்கள். ஊர்ப் பெண்கள் அதே மரத்தின்மேல் நடந்துதான் காலனிக்குப் பாத்திரம் தேய்க்க வந்தார்கள். ஐப்பசி மழையில் பனந்துண்டு முழுகிவிட்டால் இரு தரப்பும் வெகுதூரம் சுற்றிக்கொண்டு போகவேண்டும். குழாய் பதித்து ஒரு சிறு பாலம் கட்டலாம் என்றபோது ஒன்றிய அலுவலகத்தில் அதற்கு ஒரு திட்டம் இருப்பது தெரிந்தது. செலவில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மூன்று பங்கை அரசு போடும். மக்களின் பங்கு பணமாக இருக்கலாம். அல்லது, ஐந்து பேருக்குக் குறையாத குழு ஒன்று நேரில் இறங்கி மண்வேலை செய்யலாம்.

பணம் என்ற சொல் அவர் கண்ணிலேயே படவில்லை. ஐந்து பேர் என்பதைத்தான் பிடித்துக்கொண்டார். காலனிச் சங்கத்தில், "ஒய்.என். சார், நீங்களே பாத்துச் செஞ்சுடுங்கோ" என்று பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் கலைந்திருந்தார்கள். அவர் பாத்துச் செய்தார். மக்கள் பங்கு, உழைப்பு என்று மனுவில் எழுதிக் கொடுத்துவிட்டு, வருகிற வழியில் தாம்பரம் மார்க்கெட்டில் ஐந்து மண்வெட்டிகளை வாங்கி, பஸ் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்து இறங்கினார்.

சங்கத் தலைவர் கஸ்தூரிரங்கன் பேங்க் ஆபீசர், காரியக்காரர். விஷயம் தெரிந்ததும் அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன ஓய் இது? ஆத்துக்கு இவ்வளவுன்னு போட்டா ஒரே சாயங்காலத்துல முடிஞ்சுபோற காரியம். நம்மாத்து மனுஷா யார் மண்ணு வெட்டுவா?"

"வருவா. ஊர் கூடினாத்தானே தேர் நகரும்? முதல்ல ஒருத்தன் வடத்தைப் பிடிச்சா பின்னாடியே எல்லாரும் வருவா."

"தேருக்கு சாமி இருக்கு, சுண்டல் இருக்கு. இதுக்கு என்ன இருக்கு?"

அந்தத் தை மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை தனியாளாக அவர் வேலையைத் தொடங்கினார். பாலத்துக்கு இரு பக்கமும் பாதை மேடாக வேண்டும். ஓடையில் படிந்த வண்டலை வெட்டி, இரும்புச்சட்டியில் அள்ளி, கரையில் கொட்டி மிதிக்க வேண்டும். பால் பூத்தில் இருந்த சங்கத்துக் கரும்பலகையில் சனிக்கிழமை மாலையே கலர் சாக்பீஸால் எழுதிவிடுவார்: 'நாளை காலை ஓடைக்கரையில் பொதுப்பணி. அனைவரும் வருக.' முத்து முத்தான எழுத்து. நாலு பக்கமும் கொடி வரைந்து பூ வைத்திருப்பார். பால் வாங்க வந்தவர்கள் எழுத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

எந்த வீட்டுக் கதவையும் அவர் தட்டவில்லை. சுவரில் எழுதுவார், சுவரில் சாய்ப்பார், ஆனால் ஒரு மனிதன் முகத்தைப் பார்த்து 'வா' என்று சொல்ல நாக்கு எழாது. இந்த மனிதருக்குக் கும்பிடத் தெரியும், கூப்பிடத் தெரியாது. கூப்பிட்டு ஒருவன் 'இல்லை' என்று சொல்லிவிட்டால் அதைத் தாங்கிக்கொள்ள அவரிடம் தெம்பு இல்லை. கூப்பிடாதவரைக்கும் எல்லோரும் வரக்கூடியவர்கள்தானே?

அது தூர்தர்ஷனில் ஞாயிறு காலைப் புராணத் தொடர் ஓடிக்கொண்டிருந்த காலம். ஒன்பது மணிக்கு நகரில் ஈ காக்கை நடமாடாது. எல்லா வீட்டிலிருந்தும் ஒரே சங்கு ஊதும், ஒரே அம்பு சீறும், ஒரே ஆள் இந்தியில் கர்ஜிப்பான். அவருக்கு இந்தி தெரியாது. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கும் தெரியாது. சத்தத்தை வைத்தே கதை எதுவரை வந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, "ஓஹோ, சபைக்கு வந்துட்டா போலிருக்கு" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு மண்ணை வெட்டுவார். தொடர் முடிந்ததும் நிமிர்ந்து தெருவைப் பார்ப்பார். இப்போது வருவார்கள் என்று தோன்றும். எண்ணெய்க் குளியல், கறிகாய், துவைக்கிற துணி என்று ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஆயிரம் வேலை இருக்கிறது. அவர் மண் வெட்டுவதை எல்லோரும் பார்க்கத்தான் செய்தார்கள். "டாக்டர் எக்சர்சைஸ் பண்ணச் சொல்லியிருக்கார் போல. ஒத்தை மனுஷர், பொழுது போகணுமே" என்று மாடியில் துணி காயவைக்கிறபோது பேசிக்கொண்டார்கள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நல்லவர்கள்தான்.

அக்கரையிலும் பார்வையாளர்கள் உண்டு. கொத்தனாரிடம் சித்தாளாக வேலை பார்க்கும் சேட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் அந்தப் பக்கத்துக் கரையில் குந்தி உட்கார்ந்து பீடி குடிப்பான். காலனி வீடுகளில் பாதிக்கு அவன் கல் சுமந்திருக்கிறான். கூட இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். சில நாள் அவன் மனைவி சரசுவும் இடுப்பில் குடத்தோடு நின்று பார்ப்பாள். இவர் நிமிர்ந்தால் சேட்டு கையை உயர்த்தி ஒரு கும்பிடு போடுவான். இவரும் போடுவார். அவ்வளவோடு சரி. அந்தக் கரையையும் சேர்த்துத்தான் 'மக்கள்' என்று திட்டம் சொல்கிறது என்பதை, கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவர் கவனிக்கவில்லை.

அவருக்குப் பாலம் வேண்டாமல் இல்லை. ஆனால் பாலத்தைவிட அதிகமாக அவருக்கு வேண்டியிருந்தது, சுவரில் சாய்ந்திருந்த நான்கில் ஒன்றையாவது இன்னொரு கை எடுக்கவேண்டும் என்பதுதான்.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றியத்து விரிவாக்க அலுவலர் சுந்தர்சிங் வந்தார். நாசரேத் பக்கத்து இளைஞர். கோயில் ஆராதனையை முடித்துக்கொண்டு அதே வெள்ளைச் சட்டையோடு மொபெட்டில் வந்து இறங்கினார். உழைப்புக் குழு வேலை செய்வதை அவர் கண்ணால் பார்த்துச் சான்று எழுத வேண்டும். சுவரில் நான்கு மண்வெட்டி, பள்ளத்தில் ஒரு மனிதர்.

"மத்தவங்க எங்க சார்? டீ குடிக்கப் போயிருக்காங்களோ?"

"வருவா."

"எப்ப வருவாங்க?"

யக்ஞநாராயணன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைக்க வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே துடைத்தார். பிறகு, பல நாளாக யோசித்து வைத்திருந்ததை எடுத்துச் சொன்னார்.

"சார், உங்க ஸ்கீமை இம்ப்ரூவ் பண்ண ஒரு வழி சொல்றேன். பத்துப் பேர் ஒரு ஞாயித்துக்கிழமை வெட்டினாலும், ஒருத்தன் பத்து ஞாயித்துக்கிழமை வெட்டினாலும் மண்ணு அதே மண்ணுதானே? ரூல்ஸ்ல அதுக்கு ஒரு இடம் பண்ணினா என்ன? உங்களுக்குச் சம்மதம்னா நான் மேலிடத்துக்கு எழுதறேன்."

சுந்தர்சிங் சிரித்துவிட்டார். "கணக்குக்கு ஒண்ணுதான் சார். ஆனா இது சமுதாய வளர்ச்சித் திட்டம்லா? ஒத்த ஆளு எப்படி சார் சமுதாயம் ஆவாரு?"

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எங்கே போய் விழுந்தது என்று அவருக்குத் தெரிந்தது. எதிரே இருந்த முகம் அப்படி ஆகிவிட்டது. சுந்தர்சிங் ஷூவைக் கழற்றினார். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டார். சுவரிலிருந்து ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்.

அந்த அரைமணி நேரத்தில் யக்ஞநாராயணன் பேசியதை எல்லாம் எழுதினால் ஒரு புத்தகம் ஆகும். நாகபுரிப் பேரன் தமிழை மராட்டி போலப் பேசுவதைச் சொன்னார். ரயிலில் தோளில் தூங்கிய ஒரு போலீஸ்காரரைப் பற்றிச் சொன்னார். முதல் வருஷம் வீட்டுக்குள் நல்ல பாம்பு வந்ததைச் சொன்னார். சுந்தர்சிங் வெட்டிப் போட, இவர் அள்ளிக் கொட்ட, வேலை ஓடியது. எட்டு வாரமாக உயராத மேடு கண்ணுக்கு முன்னால் உயர்ந்தது.

வீட்டிலிருந்து கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சுந்தர்சிங் மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நான் கணக்குல வரமாட்டேன் சார். நான் கவர்மெண்டு. பப்ளிக்குதான் வேணும்."

"தெரியும்" என்றார் அவர். "இருந்தாலும் நன்னா இருந்தது."

"ஸ்கீமைத் திருத்தணும்னு சொன்னீங்கள்லா? என்னைக் கேட்டா ஒரே ஒரு ரூல்தான் சேர்ப்பேன். மனு போடுத ஆளு, அந்த இடத்துல இருக்க எல்லா வீட்டுலயும் ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வரணும். அப்புறம்தான் மனுவைக் கையில வாங்கணும். நீங்க எத்தனை வீட்டுல தண்ணி குடிச்சிருக்கீங்க?"

"நான் யாரையும் தொந்தரவு பண்றதில்லை சார்."

சுந்தர்சிங் கூஜாவைத் திருப்பிக் கொடுத்தார். மார்ச் முடிந்தால் நிதி திரும்பிப் போய்விடும் என்றும், ஒரு வரி எழுதிக் கொடுத்தால் உழைப்பைப் பணமாக மாற்றிவிடலாம் என்றும் எடுத்துச் சொல்லிவிட்டு மொபெட்டை மிதித்தார்.

அதற்குப் பிறகும் யக்ஞநாராயணன் விட்டுக்கொடுக்கவில்லை. பங்குனியில் கரும்பலகை முழுவதும் ஒரே எழுத்தாக, 'கடைசி வாய்ப்பு' என்று எழுதினார். அன்றைக்குத் தொடரில் பெரிய யுத்தம். எல்லா வீட்டிலும் யானை பிளிறியது. ஒருவரும் வரவில்லை. ஐந்தையும் கழுவி வைத்துவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு, நேரே கஸ்தூரிரங்கன் வீட்டுக்குப் போனார். உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே, "பணமாவே போட்டுடலாம்" என்றார்.

"இதைத்தானே ஓய் நான் தையிலேயே சொன்னேன்! உள்ள வாங்கோ, காபி சாப்பிடலாம்."

"இல்லை, இருக்கட்டும். ஆத்துல அடுப்புல வெச்சுட்டு வந்திருக்கேன்" என்றார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலமே பணம் சேர்ந்துவிட்டது. ஒரு வீட்டில்கூட முகம் சுளிக்கவில்லை. சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள், சிலர் கேட்டதற்கு மேலும் கொடுத்தார்கள். அதுதான் அவருக்கு வலித்தது. அவர்கள் கஞ்சர்கள் இல்லை, பொல்லாதவர்கள் இல்லை. அவர்களிடம் அவர் கேட்டது மட்டும் அவர்களிடம் இல்லை.

காண்டிராக்டர் வந்தார். அவர் மண்வேலைக்குக் கூலிக்கு எடுத்தது சேட்டுவையும் அக்கரை ஆட்களையும்தான். ஆபீசுக்குப் போகிறபோது யக்ஞநாராயணன் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். அவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டு, சட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு வேலை செய்தார்கள். அவர் இத்தனை வாரமாகக் கொட்டிய மண் எது, அவர்கள் ஒரே நாளில் கொட்டியது எது என்று அடையாளம் தெரியவில்லை.

திறப்பு விழாவுக்கு ஷாமியானா போட்டார்கள். மைக் செட் அலறியது. தட்டு தட்டாகக் கேசரி வந்தது. அன்னபூரணி நகர் முழுவதும் ஓடைக்கரைக்கு வந்துவிட்டது, பட்டுப்புடவையும் பவுடரும் குழந்தைகளுமாக. யக்ஞநாராயணன் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் மனக்கண்ணால் கண்ட கூட்டம் அதே இடத்தில் வந்து நின்றது. போட்டோவுக்கு அவரையும் இழுத்து ஓரத்தில் நிற்கவைத்தார்கள். 'பொதுமக்கள் பங்களிப்புடன்' என்று கல்லில் செதுக்கியிருந்ததைக் கிட்டப் போய்ப் படித்துவிட்டு வந்தார். ஷாமியானாவைப் பிரித்தார்கள். கூட்டம் வீட்டுக்குப் போயிற்று. கேட்டுகளுக்குத் தாழ் போடும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

பாலம் வந்துவிட்டது, இனிமேல் நீ செருப்போடேயே நடந்து வரலாம் என்று மனைவிக்கு எழுதினார். 'ரொம்ப சந்தோஷம். அடுத்த லீவுக்குப் பார்க்கலாம்' என்று பதில் வந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காபி டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, ஐந்து மண்வெட்டிகளையும் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஓடைக்கரைக்கு வந்து, சுவரில் சாய்ப்பதற்குக் குனிந்தபோதுதான் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்பது உறைத்தது. கால் பழக்கம், இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. அப்படியே திரும்பிப் போகவும் வெட்கமாக இருந்தது. இன்னும் தொடர் ஆரம்பிக்கவில்லை, வாசல்களில் மனிதர்கள் நின்றார்கள். அவர் பாலத்தின் மேல் ஏறி நேரே நடந்தார். அக்கரைக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே பாதை சட்டென்று முடிந்தது. காண்டிராக்டரின் மதிப்பீடு பாலத்தின் வாயோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஊர்ச் சந்து வந்து சேரும் இடம் ஒரு பெரிய பள்ளம். மழை வந்தால் புதுப் பாலத்தில் ஏறுவதற்கு அக்கரைப் பெண்கள் முழங்கால் சேற்றில் இறங்கித்தான் வரவேண்டும். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சேட்டு உட்கார்ந்திருந்தான். இவரையும் தோளில் இருந்ததையும் பார்த்து எழுந்துவிட்டான்.

"இன்னா சாமி, பாலமே வந்துடுச்சி, இன்னும் பரிகாரம் முடியலியா?"

"என்ன பரிகாரம்?"

"அதான் வாராவாரம் வந்து மண்ணு வெட்டிகினு இருந்தியே. எவனோ ஜோசியரு சொல்லி தோசம் கழிக்கிறாருன்னுதான் நாங்க பேசிகினோம். சரசு கூட சொல்லிச்சு, 'பாவம்யா, ஒண்டியா கஸ்டப்படுறாரு, போயி ஒரு கை குடுய்யா'ன்னு. நான்தான் வேணாம்னேன். அட்த்தவங்க பரிகாரத்துல நாம பூந்து கைய வெச்சா அவுங்களுக்கு பலிக்காம பூடும்ல?"

யக்ஞநாராயணன் அவனையே பார்த்தார். "அப்போ சுவத்துல நாலு சாத்தி வெச்சிருந்தேனே, அது?"

"அதுவும் ஜோசியர் சொன்ன கணக்குன்னு நெனச்சிகினோம். அஞ்ச வெச்சு ஒண்ண எடுக்கணும்னு சொல்லிருப்பாரு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. பள்ளத்தைப் பார்த்துச் சிரித்தார், பாலத்தைப் பார்த்துச் சிரித்தார், சிரித்துக்கொண்டே வந்தவருக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. இத்தனை வாரமாக அந்தக் கரையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவருடைய நான்கு மண்வெட்டிகளுக்கு நேர் எதிரில், ஒரு கூப்பிடு தூரத்தில்.

"ஏம்ப்பா, எதுக்கு வெச்சிருக்கேன்னு நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா?"

"நீ ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா சாமி?"

அதற்குள் சரசு வீட்டு வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். யக்ஞநாராயணன் அந்தப் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமிக்கொண்டார். பெரிய உதவி ஒன்றைக் கேட்பவர் போலக் கேட்டார்.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

"எங்க வூட்டு தண்ணியா?" என்றாள் அவள். சேட்டுவைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் டம்ளரில் கொண்டுவந்தாள். அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

பின்னால், ஓடைக்கு அந்தப் பக்கம், எல்லா வீடுகளிலிருந்தும் ஒரே சமயத்தில் சங்கு ஊதியது.

யக்ஞநாராயணன் தோளிலிருந்து நான்கு மண்வெட்டிகளை இறக்கித் தரையில் போட்டார். கைப்பிடிச் சுவர் பக்கத்திலேயே இருந்தும் அதில் சாய்க்கவில்லை. ஐந்தாவதைத் தகட்டோடு சேர்த்துப் பிடித்து, மரப்பிடியைச் சேட்டுவின் பக்கம் திருப்பினார். "வாப்பா" என்றார். நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.